20 லிட்டர் வீட்டு பியர் அமைப்பு: அண்டா அளவு, வயரிங், நொதிக்கும் பெட்டி வரை எது எவ்வளவு வேண்டும்?

#1 பார்லிக்காடு

வணக்கம். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) அரைப்பதிலிருந்து தொடங்கும் 20 லிட்டர் பியர் அமைப்பு ஒன்றைக் கட்டப் போகிறேன். மேஷுக்கென்று, அதாவது அரைத்த மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்க, தனிப் பாத்திரம் கிடையாது. ஒரே அண்டாவில் துணிப்பையைப் போட்டு ஊறவைத்து, பையைத் தூக்கிவிட்டு, அதே அண்டாவில் கொதிக்கவைக்கும் முறை. இப்போதைக்குப் பட்டியல் இது:

30 லிட்டர் ஸ்டீல் அண்டா, மூடியோடு
3 கிலோவாட் சூடாக்கும் எலிமென்ட், வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி
அரை அங்குல பால் வால்வு (பந்து வால்வு)
காந்த பம்ப்
தட்டு வகைக் குளிர்விப்பான்
30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு)
ஹைட்ரோமீட்டர் (திரவ அடர்த்தி அளப்பது), தெர்மாமீட்டர்
பாட்டில் மூடி அடிக்கும் கருவி

எது போதாது, எது வீண்? வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடலாம் என்றுதான்.

#2 நெறியாளர்

வழக்கமான ஒரு வரி: வீட்டில் பியர் காய்ச்சுவதற்குச் சில இடங்களில் தடை இல்லை, சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் அது குற்றம். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்குங்கள். காய்ச்சி வடிப்பது பற்றிய பேச்சு இந்த இழையில் வேண்டாம்.

#3 கொப்பரை

பார்லிக்காடு, முதல் தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது. 30 லிட்டர் அண்டாவில் 20 லிட்டர் பியர் வராது. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பாருங்கள்.

வாளிக்குள் போக வேண்டியது 20 லிட்டர். அண்டாவின் அடியில் ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) மண்டியோடு தங்கிப்போவது 2 லிட்டர். கொதிநிலையிலிருந்து ஆறும்போது திரவம் சுமார் 4 சதவீதம் சுருங்கும், அதற்கு 0.9 லிட்டர். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது 3.5 லிட்டர். 5 கிலோ மால்ட், பையை நன்றாகப் பிழிந்த பிறகும் கிலோவுக்கு 0.7 லிட்டர் பிடித்துக்கொள்ளும், அது இன்னொரு 3.5. கூட்டினால் தண்ணீர் மட்டும் 30 லிட்டர். அதற்குள் 5 கிலோ மால்ட்டை இறக்கினால் கிலோவுக்கு 0.67 லிட்டர் வீதம் மட்டம் ஏறும், ஆக 33.4 லிட்டர். விளிம்பு வரை நிரம்பிய அண்டாவைக் கிளற முடியாது. 40 லிட்டர் வாங்குங்கள். 36 லிட்டரிலும் வேலை நடக்கும், ஆனால் 6 கிலோ மால்ட் கேட்கும் கனமான பியர் ஒன்றைச் செய்ய நினைத்த அன்றைக்கு அது பத்தாது.

கொதிக்கும்போதும் இடம் வேண்டும். வொர்ட் (மேஷில் கிடைக்கும் இனிப்புச் சாறு) கொதிக்கத் தொடங்கும் முதல் பத்து நிமிடத்தில் புரதம் நுரையாகப் பொங்கும், பால் பொங்குவதைப் போலவே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். பழுப்பு நுரை ஏறி, அதன் நடுவில் முட்டையை உடைத்து ஊற்றினாற்போல் வெள்ளைத் திரிகள் சுழல ஆரம்பித்ததும் நுரை தானாக அமரும். அதுவரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது, முதல் ஹாப்ஸையும் போடக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தெளிப்பான் ஒன்று கையில் இருந்தால் நுரையின் தலையில் அடித்து அடக்கலாம்.

மூடியைக் கொதியின்போது பயன்படுத்தாதீர்கள். டைமெத்தில் சல்பைடு என்ற பொருள் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது திரும்பச் சொட்டி, வேகவைத்த சோளத்தின் வாசனை பியரில் தங்கிவிடும். பில்ஸ்னர் மால்ட்டில் இதன் மூலப்பொருள் அதிகம். அதனால்தான் அந்த மால்ட்டுக்கு 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடக் கொதி சொல்கிறார்கள். 90 நிமிடம் என்றால் ஆவியாகும் அளவும் கூடும், மேலே போட்ட கணக்கில் இன்னும் 1.75 லிட்டர் சேருங்கள்.

#4 ஓம்விதி

எலிமென்ட் 3 கிலோவாட் என்பது சரியான தேர்வு. ஏன் என்று தெரிந்துகொண்டால் விற்பவர் 2 கிலோவாட்டைத் தள்ளிவிடும்போது ஏமாற மாட்டீர்கள்.

30 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 69 டிகிரிக்குக் கொண்டுபோக 5500 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட்டில் 31 நிமிடம், பக்கவாட்டு இழப்போடு 35 என்று வையுங்கள். இதுகூடப் பெரிய விஷயமில்லை, பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். கொதிதான் சோதனை. மணிக்கு 3.5 லிட்டர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு மட்டுமே 2.2 கிலோவாட் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க வேண்டும். அண்டாவின் சுவர் வழியே போவது தனி. 2 கிலோவாட்டில் வொர்ட் கொதிக்கிற மாதிரி மினுமினுக்கும், உருண்டு புரளாது. 3 கிலோவாட்டை வைத்து 80 சதவீதத்தில் ஓட்டுவதே நிம்மதி.

வாங்கும்போது கம்பியின் நீளத்தைப் பாருங்கள். ஒரே 3 கிலோவாட் குட்டையான கம்பியில் அடங்கியிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு விழும் வெப்பம் அதிகம், வொர்ட்டிலிருக்கும் சர்க்கரை அதன் மேல் கருகி ஒட்டும், பியரில் தீய்ந்த வாடை வரும். நீளமாக, மடித்து மடித்து வளைத்த, குறைந்த வாட் அடர்த்தி உள்ளதே இதற்கு ஏற்றது. தண்ணீருக்கு வெளியே கம்பி ஒரு விநாடிகூட எரியக் கூடாது.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. 230 வோல்ட்டில் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர், அதுவும் இரண்டு மணி நேரம் விடாமல். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்). சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்) கட்டாயம். ஈரத் தரை, ஈரக் கை, உலோக அண்டா மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் இது. எலிமென்ட் மூட்டில் நிற்காமல் அண்டாவின் உடலுக்கும் எர்த் வயரை போல்ட் போட்டு முறுக்குங்கள். எலிமென்ட்டின் முனைகளைத் தண்ணீர் புகாத மூடிக்குள் வையுங்கள், ஏனென்றால் வழியும் வொர்ட் நேராக அங்கேதான் இறங்கும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் எஸ்எஸ்ஆர் (எலிமென்ட்டை ஓட்டி அணைக்கும் மின்னணு ஸ்விட்ச்) இருக்கும். அதைப் பற்றி இரண்டு செய்தி. ஒன்று, ஆம்பியருக்குச் சுமார் 1 வாட் வீதம் அது சூட்டைக் கக்கும், ஆக 13 வாட். கனமான அலுமினிய ஹீட்சிங்க் இல்லாமல் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் வெந்துபோகும். மேலே 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஹீட்சிங்கைக் குறைக்காதீர்கள். இரண்டு, எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் அணைந்த நிலையில் நிற்காது, ஓடும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். திரை 66 டிகிரி, அணைந்தது என்று காட்டும், அண்டாவோ கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே எஸ்எஸ்ஆருக்கு முன்னால் கையால் அணைக்கும் காண்டாக்டர் அல்லது இருமுனை ஸ்விட்ச் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

வயரிங்கைப் பழகிய எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்துகொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

#5 பார்லிக்காடு

அண்டா 40 லிட்டர், குறித்துக்கொண்டேன். கேஸ் அடுப்பு எளிது என்று ஒரு நண்பர் சொல்கிறார். வீட்டுக்குள் வைக்கலாமா? அப்புறம், ஸ்டீலில் துளை போடுவது எப்படி? வெல்டிங் செய்ய ஆள் இல்லை.

#6 துளைக்கருவி

கேஸ் பர்னர் என்றால் திறந்த வெளியில் மட்டும். அந்த அளவு தீ மூடிய இடத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. வீட்டுக்குள் என்றால் மின்சாரம்தான். அப்போதும் மூன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கூரையில் போய் ஒட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்.

துளைக்கு வெல்டிங் தேவையில்லை. அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய்த் தரம்) மரையின் வெளி விட்டம் 20.96 மில்லிமீட்டர், ஆக 21 மில்லிமீட்டர் துளை. படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு குழி, பிறகு 3 மில்லிமீட்டர் துளை, பிறகு ஸ்டெப் பிட். வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடியுங்கள். வேகமாகச் சுழற்றி லேசாகத் தொட்டால் ஸ்டீல் வெட்டுப்படாது, உரசியே கடினமாகிவிடும். அதன் பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. பிட்டிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரி, பொடியாக வந்தாலோ கீச்சென்று கத்தினாலோ நிறுத்தி எண்ணெய் விட்டு அழுத்தத்தைக் கூட்டுங்கள். உள்பக்கம் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்தால் சுவர் குழியாது. முடிந்ததும் இரு பக்கமும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். பிசிறு இருந்தால் ஓ-ரிங் கிழியும், ஒழுகல் அங்கே தொடங்கும்.

எலிமென்ட்டுக்கு 1 அங்குல மரை என்றால் விட்டம் 33.25. அந்த அளவுக்கு ஸ்டெப் பிட்டைவிட, போல்ட்டை முறுக்கி இழுத்து வெட்டும் துளைப் பஞ்ச் சுத்தமாக வரும்.

ஒழுகாமல் பொருத்தும் வரிசை: உள்ளே லாக் நட், சுவர், வெளியே சிலிகான் ஓ-ரிங், அதை அமுக்கும் பள்ளம் வெட்டிய வாஷர், பிறகு வால்வு. சாதாரண ரப்பர் ஓ-ரிங் வேண்டாம், கொதிசூட்டில் இறுகி வெடிக்கும். மரைக்கு டெஃப்லான் டேப்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. அரை அங்குலத்தில் பிஎஸ்பி, என்பிடி (அமெரிக்கக் குழாய்த் தரம்) இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55, மற்றதில் 60 டிகிரி. கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்று ஏறும், பொருந்திவிட்டது போலத் தெரியும், எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒழுகும். வால்வு, நட், எலிமென்ட் எல்லாமே ஒரே வகை மரையா என்று பார்த்து வாங்குங்கள்.

பால் வால்வு மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு துண்டு வால்வில் பந்துக்குப் பின்னால் வொர்ட் தங்கிப் புளிக்கும், பிரித்துக் கழுவ வழி கிடையாது.

#7 ஈஸ்ட்பித்தன்

எல்லோரும் அண்டாவைச் சுற்றியே நிற்கிறோம். பட்டியலை மறுபடி படியுங்கள். பம்ப் இருக்கிறது, தட்டுக் குளிர்விப்பான் இருக்கிறது. நொதிக்கும் வாளியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு திருகாணிகூட இல்லை. பியரின் சுவையில் பாதிக்கு மேல் முடிவாவது அந்த வாளிக்குள், முதல் மூன்று நாளில். அண்டா சுமாராக இருந்தாலும் நல்ல பியர் வரும், நொதி வெப்பம் தவறினால் எந்த அண்டாவும் காப்பாற்றாது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூட்டை வெளிவிடுகிறது. 1.050 அடர்த்தியுள்ள (தண்ணீர் 1.000) 20 லிட்டர் வொர்ட் நொதித்து முடிக்கும்போது வெளிவரும் வெப்பம் சுமார் 1000 கிலோஜூல். அது வெளியே போக வழியில்லையென்றால் அந்த 20 லிட்டரை 12 டிகிரி உயர்த்தப் போதுமான அளவு. நடைமுறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் வழியே வெளியேறும், ஆனாலும் வாளியின் நடு அறை வெப்பத்தைவிட 3 முதல் 5 டிகிரி மேலே நிற்கும். அறை 27 டிகிரி என்றால் ஈஸ்ட் 31 டிகிரியில் வேலை செய்கிறது. ஏல் என்ற பியர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வேண்டும். மிஞ்சினால் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களும், பெயின்ட் தின்னர் போன்ற வாடையும் வரும். அது நாள்பட்டாலும் போகாது.

ஆகவே பம்ப்பையும் தட்டையும் அடித்துவிட்டு அந்தப் பணத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும், சூடு குளிர் இரண்டையும் ஓட்டும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்குங்கள்.

ஃபிரிட்ஜை வாங்கும் முன் டேப் வைத்து அளவெடுங்கள். ஏர்லாக்கோடு வாளியின் உயரம், கதவு மூடும்போது உள்பக்கத் தட்டுகள் இடிக்குமா, பின்னால் கம்ப்ரசருக்காக மேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இவை மூன்றும். நிரம்பிய வாளி 25 கிலோ வரும். கண்ணாடித் தட்டில் வைக்காதீர்கள், கீழ்த் தரையில் பலகை போட்டு வையுங்கள்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றில் தொங்கவிட்டால் காற்று சட்டென்று குளிரும், கருவி கம்ப்ரசரை அணைக்கும், உள்ளே பியர் சூடாகவே இருக்கும். சென்சாரை வாளியின் பக்கவாட்டில், திரவ மட்டத்துக்கு நடுவில் ஒட்டி, அதன் மேல் ஒரு துண்டு நுரைப்பஞ்சை வைத்து டேப் போட்டு இறுக்குங்கள். அப்போது அது படிப்பது காற்றை அல்ல, பியரை. வேறுபாடு 0.5 டிகிரி, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடம். தாமதம் வைக்காவிட்டால் கம்ப்ரசர் அழுத்தம் இறங்கும் முன்பே மறுபடி கிளம்ப முயன்று எரிந்துபோகும். இரவில் குளிரும் இடமென்றால் சூட்டுப் பட்டையையும் செருகிவிடுங்கள்.

#8 கொப்பரை

ஈஸ்ட்பித்தன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பம்ப்பை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். மேஷ் ஓடும்போது வொர்ட்டைக் கீழிருந்து மேலே சுற்றவிட்டால் வெப்பம் சீராக இருக்கும். பம்ப் இல்லாமல் மேஷின் நடுவில் எலிமென்ட்டைப் போட்டால் கம்பியைச் சுற்றி மட்டும் 80 டிகிரி, மேலே 63 டிகிரி என்று நிற்கும். கீழே என்சைம் செத்துப்போகும்.

#9 ஈஸ்ட்பித்தன்

பம்ப் இல்லையென்றால் மேஷின்போது எலிமென்ட்டைப் போடவே வேண்டாமே. 40 லிட்டர் அண்டாவில் 30 லிட்டர் சுடுநீர் இருக்கிறது, பழைய கம்பளியையோ உறங்கும் பையையோ சுற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். மாவுச்சத்து சர்க்கரையாவதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே முடிந்துவிடும். அந்த இறக்கம் கவலைப்பட வேண்டியதல்ல. சுற்றியதை மேஷ் முடிந்ததும் எடுத்துவிட்டுத்தான் எலிமென்ட்டைப் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

#10 கொப்பரை

சரி, முதல் பத்து முறைக்குப் பம்ப் இல்லாமலே போகலாம், விட்டுக்கொடுக்கிறேன். பின்னால் வாங்கும்போது நினைவில் வைக்க: காந்த பம்ப் தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, அண்டாவின் வாயைவிடத் தாழ்வாக வைத்து, காற்று வெளியேறித் தலை நிரம்பிய பிறகே ஓட்ட வேண்டும். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு வெளியேறும் பக்கத்தில் மட்டும். உள்ளே வரும் பக்கத்தில் திருகினால் கொதிக்கு அருகிலுள்ள வொர்ட் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் நின்றுவிடும்.

பையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மெல்லிய பாலியெஸ்டர் வாயில் துணி, இரட்டைத் தையல், அண்டாவின் வாய் முழுக்கப் போர்த்தும் அகலம். எலிமென்ட்டுக்கு மேல் ஸ்டீல் சல்லடை ஒன்று கால்களோடு நிற்க வேண்டும், பை கம்பியைத் தொடக் கூடாது. தூக்கும்போது சக்கையும் தண்ணீருமாகப் பை 15 கிலோவைத் தாண்டும். கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடியவிடுவது நடக்காது. மேலே உறுதியான கொக்கியும் கப்பியும் கயிறும் வையுங்கள், 20 நிமிடம் தொங்கட்டும்.

துணிப்பைக்கு மால்ட்டை நைசாக அரைக்கலாம். இரட்டை உருளை அரவையில் வழக்கமான இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்றால், பை முறைக்கு 0.8. மால்ட் படுகை அடைத்துக்கொள்ளும் என்ற பயம் இங்கே இல்லை, ஏனென்றால் உமியை நம்பி வடிக்கவில்லை. அரவை கரடாக இருந்தால் 5 கிலோ மால்ட்டும் எதிர்பார்த்த சர்க்கரையைத் தராது. கணக்கு இப்படி: வெளிர் மால்ட் ஒரு கிலோ, ஒரு லிட்டரில் 300 புள்ளி (அடர்த்தியில் 0.001 ஒரு புள்ளி) தரும். 5 கிலோ, 75 சதவீதத் திறன், கொதி முடிந்து 22 லிட்டர் என்றால் 51 புள்ளி, அதாவது 1.051. ஹைட்ரோமீட்டர் 1.040 காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அரவையை.

மேஷ் 66 டிகிரிக்கு வேண்டுமானால் தண்ணீர் 66 இல் இருக்கக் கூடாது. மால்ட் 26 டிகிரி, கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்றால் 2.7 டிகிரி இறங்கும். ஆக 68.7 இல் மால்ட்டைக் கொட்டுங்கள், ஒரே மூச்சில் கொட்டாமல் கிளறிக்கொண்டே. உலர்ந்த உருண்டை உள்ளே சிக்கினால் அந்த மாவு வீண்.

#11 பார்லிக்காடு

பம்ப், தட்டு இரண்டையும் எடுத்துவிட்டேன். அப்படியென்றால் குளிர்விப்பது எப்படி? குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடையும் உண்டு, அது பரவாயில்லையா?

#12 நுரைநீர்

குளோரின் பரவாயில்லை என்று விடக் கூடாத விஷயம். மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும், பியரைக் குடித்தால் கட்டுத்துணி மருந்து வாடை. மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும். கொதிக்கவைத்தால் குளோரின் போகும், குளோரமைன் எளிதில் போகாது. எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்குப் போதும், உங்கள் 30 லிட்டருக்கு அரை மாத்திரை. நசுக்கிப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்தினால் எதிர்ப்பக்கத் தொல்லை, அதில் கால்சியமே இல்லை. 30 லிட்டருக்கு 5 கிராம் ஜிப்சம் போட்டால் கால்சியம் லிட்டருக்கு 39 மில்லிகிராம், சல்பேட் 93 கூடும். மேஷின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை இருக்கட்டும், ஆறிய மாதிரியில் அளந்து.

குளிர்விக்க, முக்குச் சுருள் போதும். 12 மில்லிமீட்டர் செம்புக் குழாய் 15 மீட்டர், அண்டாவின் விட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளடங்கிய வளையங்களாக. கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது அண்டாவுக்குள் இறக்கிவிட்டால் தானாகவே கிருமி நீங்கிவிடும். தட்டு வகையில் உள்ளே ஹாப்ஸ் துணுக்கு சிக்கினால் கண்ணால் பார்க்கவே முடியாது. முதல் அமைப்புக்கு அது வேண்டாம் என்பதே என் முடிவும்.

28 டிகிரித் தண்ணீரால் வொர்ட்டை 28க்குக் கீழே இறக்க முடியாது, 33 வரை வந்து அங்கேயே நிற்கும். சுருளை அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் குழாயைச் சுற்றிக் குளிர்ந்த படலம் நின்று நேரம் இரட்டிப்பாகும். 35 டிகிரி வந்ததும் குழாய்த் தண்ணீரை நிறுத்தி, ஐஸ் போட்ட வாளியில் சின்ன மூழ்கு பம்ப்பை வைத்து அந்தத் தண்ணீரையே சுருளில் சுற்றவிடுங்கள். 22 லிட்டரை 35 இலிருந்து 19க்கு இறக்கக் கணக்குப்படி 4 கிலோ ஐஸ், கைக்கு 6 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐஸை முதலிலேயே, வொர்ட் 90 டிகிரியில் இருக்கும்போது போட்டால் ஐந்து நிமிடத்தில் கரைந்து வீணாகும்.

ஐஸே கிடைக்காது என்றால் 33 டிகிரியில் வாளிக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் 19 ஆகும் வரை வைத்து, பிறகு ஈஸ்ட் போடுங்கள். எல்லாம் கிருமி நீக்கியிருந்தால் இரவு முழுக்கக் காத்திருக்கலாம். பொறுக்காமல் 33 இல் ஈஸ்ட்டைப் போடுவதுதான் கெடுதல்.

#13 ஈஸ்ட்பித்தன்

நுரைநீர் சொன்னதோடு ஒன்று: ஃபிரிட்ஜுக்கு இப்போது வழியே இல்லை என்பவர்களுக்கு க்வெய்க் இன ஈஸ்ட் இருக்கிறது. நார்வேயின் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துக் காப்பாற்றியது. வோஸ் வகை 35 முதல் 40 டிகிரியிலும் சுத்தமாக, லேசான ஆரஞ்சு மணத்தோடு முடிக்கும். ஃபிரிட்ஜ் வரும் வரை அதில் செய்யலாம். லாகர் (குளிரில் நொதிக்கும் பியர் வகை) மட்டும் கேட்காதீர்கள், அதற்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும்.

சாதாரண ஏலுக்கு சாஃபேல் யூஎஸ்-05 மாதிரியான உலர் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று 20 லிட்டருக்குச் சரி.

#14 துளைக்கருவி

வாளி பற்றி. 20 லிட்டருக்கு 30 லிட்டர் வாளி என்பது சரியான அளவு, நுரைக்கு மேலே இடம் வேண்டும். உணவுத் தர எச்டிபிஇ என்ற முத்திரையைப் பாருங்கள். பெரிய கண்ணாடி ஜாடி வேண்டாம். நிறைந்த கண்ணாடி ஈரக் கையில் நழுவினால் ஏற்படும் காயம் ஆழமானது. வாளியின் அடியில் குழாய் பொருத்தினால் ஒவ்வொரு முறையும் அதை முழுக்கக் கழற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் திருகு மரைக்குள் பழுப்பு வழவழப்பு ஒன்று இருக்கும், நல்ல பியர் காரணமே தெரியாமல் புளித்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கம்பி நார் போட்டு வாளியைத் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் பாக்டீரியா புகுந்தால் எந்தத் திரவமும் அங்கே எட்டாது. சோடியம் பெர்கார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், 55 டிகிரித் தண்ணீர், அரை மணி ஊறல், மென்துணி. மண்டி வளையம் தானாகக் கழன்று வரும். பிறகு அலசல். இது கழுவுவது மட்டும், கிருமி நீக்கம் வேறு வேலை. அதற்கு ஸ்டார் சான் என்ற அமிலக் கிருமிநீக்கி லிட்டருக்கு 1.5 மில்லி, ஒரு நிமிடம் நனைந்திருந்தால் போதும், அலசவே வேண்டாம், நுரை இருந்தாலும் கவலையில்லை. அழுக்கின் மேல் ஸ்டார் சான் அடித்துப் பயனில்லை. பிளீச்சை ஸ்டீல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், குளோரைடு ஸ்டீலில் ஊசிக்குழி போடும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும்.

#15 பார்லிக்காடு

கடைசியாக, பாட்டிலா கெக்கா (அழுத்தம் தாங்கும் ஸ்டீல் கலன்)? பாட்டில் வெடிக்கும் என்று கேள்விப்பட்டதால் தயக்கம்.

#16 நுரைநீர்

முதலில் பாட்டில். செலவு குறைவு, வெடிப்பதும் விதி அல்ல, கணக்குத் தவறுவதால் வருவது. இரண்டு காரணங்கள்தாம் உண்டு.

நொதித்து முடியும் முன் அடைப்பது முதலாவது. ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவெடுக்காதீர்கள், வாளி மூடி லேசாகக் கசிந்தாலும் குமிழி நிற்கும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், உதாரணமாக இரண்டு முறையும் 1.011. 1.051 இல் தொடங்கியிருந்தால் வித்தியாசம் 0.040, அதை 131.25 ஆல் பெருக்கினால் 5.25 சதவீத ஆல்கஹால். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலால் சர்க்கரையை அளப்பது) வைத்திருப்பவர்கள் நொதித்த பிறகு அதை நேரடியாகப் படிக்கக் கூடாது, ஆல்கஹால் அதன் அளவைக் குழப்பும்.

சர்க்கரையைக் கண்ணளவில் போடுவது இரண்டாவது. எடைத் தராசு வேண்டும், ஸ்பூன் அல்ல. நொதித்த பியரில் ஏற்கெனவே வாயு கரைந்திருக்கிறது, 20 டிகிரியில் பியரின் கன அளவைப் போல் சுமார் 0.86 மடங்கு. 2.4 மடங்கு வேண்டுமென்றால் மீதி 1.54, மடங்குக்கு லிட்டருக்கு 3.84 கிராம் வெள்ளைச் சர்க்கரை வீதம் லிட்டருக்கு 5.9 கிராம், 20 லிட்டருக்கு 118. இங்கே போட வேண்டிய வெப்பம் பியர் நொதித்து முடித்தபோது எட்டிய உச்ச வெப்பம், பாட்டிலில் அடைக்கும் நாளின் வெப்பம் அல்ல. 118 கிராமையும் ஒரு கோப்பை நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வேறொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பியரைக் குழாய் வழியே சுழலவிட்டு இறக்குங்கள். தெறிக்கக் கூடாது, ஆக்ஸிஜன் சேர்ந்தால் ஈர அட்டை வாசனை வரும்.

330 மில்லி என்றால் 60 பாட்டில். பழுப்புக் கண்ணாடி மட்டும். பச்சையிலும் நிறமற்றதிலும் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து நாற்றம் கிளப்பும். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள், அதை அழுத்திப் பார்த்து மற்றவை எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று அறியலாம். பாட்டில் பெட்டிக்கு மூடி இருக்கட்டும், 20 டிகிரியில் இரண்டு வாரம்.

#17 ஓம்விதி

கெக் பிறகு வந்தால்: 19 லிட்டர் பால்லாக் இணைப்புள்ள கெக், 4 டிகிரியில் 0.8 பார் அழுத்தம், ஒன்றரை இரண்டு வாரத்தில் 2.5 மடங்கு வாயு. குழாய் 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 3 மீட்டர் நீளம். குட்டையாக வெட்டினால் கோப்பை முழுக்க நுரைதான் வரும். வாயுச் செலவு கெக்குக்கு 150 முதல் 200 கிராம். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வையுங்கள், காற்றோட்டமில்லாத சிற்றறையில் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு கனமானது, தரையோடு தேங்கும். இணைப்புகளில் ஸ்டார் சான் நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

ஃபிரீசரைக் கெக் பெட்டியாக மாற்றும்போது பக்கச் சுவரில் துளை போடக் கூடாது, குளிர்வாயுக் குழாய்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. மூடிக்கும் உடலுக்கும் நடுவில் மரச் சட்டம் வைத்து அதில் துளையுங்கள்.

#18 பார்லிக்காடு

எல்லாம் வந்து பொருத்தி முடித்தால் நேராக மால்ட் வாங்கிவிடலாமா?

#19 கொப்பரை

வேண்டாம், முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில். துளையிட்ட எண்ணெய், பாலிஷ் பசை எல்லாம் போகச் சோப்பு நீரில் ஒரு தடவை, சிட்ரிக் அமிலத்தில் ஒரு தடவை கழுவுங்கள். பிறகு, மின்சாரத்தைப் போடும் முன், 30 லிட்டர் ஊற்றிக் குளிர்ந்த நிலையில் அரை மணி விட்டு ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காகிதத் துணுக்கு வைத்துப் பாருங்கள். மின்சாரத்தைப் போட்டதும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா பாருங்கள். கொதிக்கவிட்டபின் இன்னொரு முறை காகிதம் வையுங்கள், சூட்டில் நட் தளர்வது உண்டு.

கொதி தொடங்கியதும் மரக் குச்சி ஒன்றை நட்டு மட்டத்தைக் கீறிக்கொள்ளுங்கள். சரியாக 60 நிமிடம் 80 சதவீதத்தில் ஓட்டி மறுபடி கீறுங்கள். குச்சியில் லிட்டர் கோடுகளை முன்பே போட்டிருந்தால் உங்கள் அண்டாவின் ஆவி அளவு அதிலேயே தெரியும். நான் எழுதிய 3.5 வெறும் தொடக்க எண். வாய் அகலமான அண்டாவில் 4.5 போகும், குறுகலானதில் 2.5. அந்த எண்ணை #3 கணக்கில் மாற்றிப் போட்ட பிறகு மால்ட் வாங்குங்கள். தண்ணீர் இருக்கும்போதே சுருளையும் இறக்கி, 100 இலிருந்து 35க்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.